துட்டன்காமுனின் சம்பாத்தியம்

கெய்ரோவின் புதிய அருங்காட்சியகத்துக்கு அடிக்கல் நாட்டியது 2002இல். முறைப்படி திறந்தது 2025 நவம்பர் 1. அடிக்கல் அன்று பிறந்த குழந்தை இப்போது பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருக்கும்.

*

வடிவமைப்புப் போட்டிக்கு 82 நாடுகளிலிருந்து 1,557 வரைபடங்கள். வென்றது டப்ளினின் ஹெனகன் பெங் என்ற கட்டடக்கலை நிறுவனம். வரைபடம் குவிந்த மாதிரி பணம் குவியவில்லை.

*

செலவில் பெரும்பங்கு ஜப்பானின் வளர்ச்சி உதவி அமைப்பான ஜைக்காவின் கடன். நம் சென்னை மெட்ரோவுக்குக் கொடுத்த அதே ஜைக்காதான். 2006இல் சுமார் 3,480 கோடி யென். அது போதாமல் 2016இல் இன்னும் 4,940 கோடி. அந்த ஆண்டு நவம்பரிலேயே எகிப்து தன் பவுண்டைச் சந்தையின் போக்குக்கு விட்டது. டாலருக்கு எதிரே சில நாளில் மதிப்பு ஏறக்குறைய பாதி. கடன் யென்னில், கல்லாவில் விழுவது பவுண்டில். வாங்கிய கடன் அப்படியே இருக்க, கட்டவேண்டிய தொகை மட்டும் வீங்கிக்கொண்டே போகும்.

*

கடனை அடைக்கச் சுற்றுலாப் பயணி வரவேண்டும். 2011 கிளர்ச்சியில் வரத்து சரிந்தது. மெல்லத் தலையெடுத்தபோது கொரோனா.

*

கொரோனாவுக்கு முன்பே, பயணி வராவிட்டால் என்ன, பொருளை அனுப்புவோம் என்று பழைய எகிப்து மன்னன் துட்டன்காமுனின் கல்லறைப் பொருள்கள் 150ஐ வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 2018இல் லாஸ் ஏஞ்சல்ஸ், 2019இல் பாரிஸ், பிறகு லண்டன். பாரிஸில் மட்டும் 14 லட்சம் பேர். இருபது வயதைத் தாண்டாமல் செத்தவன். 3,300 ஆண்டு கழித்து, தன் சாமான் வைக்கும் வீட்டுக்காக ஊர் ஊராய்ப் போய்ச் சம்பாதித்திருக்கிறான். பிள்ளையை துபாய்க்கு அனுப்பி மாடி எழுப்பும் குடும்பம் நினைவுக்கு வருகிறது.

*

எனக்குப் பிடித்தது: பழம்பொருள்களைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் கூடத்தை 2010இலேயே முடித்துவிட்டார்கள். அங்கே ரிப்பன் வெட்டினால் படம் நன்றாக வராது. பிரதான கட்டடத்துக்கு முன்பே அங்கே காசு போனதே பெரிய விஷயம்.

*

பிரிட்டிஷ் மியூசியத்தின் கதை வேறு. 1753இல் லாட்டரி. மூன்று பவுண்டுக்கு ஒரு சீட்டு, லட்சம் சீட்டு. பரிசும் செலவும் போக மிஞ்சியது சுமார் 95,000 பவுண்டு. அதில் 20,000 மறைந்த மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்புக்காக அவர் மகள்களுக்கு. 10,250 பழைய மாண்டேகு மாளிகைக்கு. அப்போது புதுக் கட்டடமே கட்டவில்லை, கெட்டிக்காரர்கள். சீட்டு விற்கும் பொறுப்பில் இருந்த லெஹூப் என்பவர் கள்ளப் பெயர்களில் கட்டுக்கட்டாய் வாங்கவிட்டு, பிளாக்கில் விலையேற்றினார். அபராதம் 1,000 பவுண்டு. அடித்த லாபத்துக்கு அது சில்லறை.

*

கெய்ரோவில் உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. இரண்டாம் ராம்சேஸின் 83 டன் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் ஜப்பானியர் அந்தப் பல மடங்கைக் கொடுத்துத்தான் உள்ளே வந்திருப்பார். அதில் ஒரு துளி தவணைக் கணக்கில் தோக்கியோவுக்கே திரும்பும்.