காத்து அடிச்சா காத்திருங்க!

ஹோப் காலேஜ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டு, "இந்த சண்டே எங்கடா போறது?"ன்னு மண்டையைப் பிய்ச்சுக்கிற கோஷ்டியா நீங்க? ஊட்டி போயாச்சு, வால்பாறை போயாச்சு. ஜப்பான் மலையில சேர்லிஃப்ட்ல காலை ஆட்டிக்கிட்டே போற வீடியோவைப் பார்த்துப் பெருமூச்சும் விட்டாச்சு. விசா எல்லாம் வேண்டாம் பாஸ். உக்கடம் போய் பழனி பஸ் ஏறுங்க. சுமார் 100 கிலோமீட்டர்தான்.

"பழனியா? அது மொட்டை போடக் கூட்டிட்டுப் போற ஊராச்சே!"ன்னு முகம் சுளிக்காதீங்க. அங்கே தொங்கிக்கிட்டே மலையேறலாம்.

பஸ்ஸுல ஜன்னல் சீட் முக்கியம். கிணத்துக்கடவு, பொள்ளாச்சி தாண்டி உடுமலை வர்றப்போ தென்னந்தோப்புக்கு மேல காற்றாலைகள் கை வீசிக்கிட்டு நிக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியா நுழையற தென்மேற்குப் பருவக்காத்துதான் அதுங்களுக்குச் சாப்பாடு. இந்தக் காத்தை ஞாபகம் வச்சுக்குங்க. நம்ம கதையில வில்லனும் அவர்தான், வாத்தியாரும் அவர்தான்.

பழனி மலை சுமார் 450 அடி உயரம். தெம்பு இருந்தா 693 படி, இல்லேன்னா சரிவா வளைஞ்சு போற யானைப்பாதை, தண்டவாளத்துல இழுத்துட்டுப் போற விஞ்ச். இதுக்கெல்லாம் தம்பியா 2004-ல் வந்ததுதான் ரோப் கார். விஞ்ச்சுல எட்டு நிமிஷம் ஆகும்னா, இதுல மூணே நிமிஷம்.

மெக்கானிக்கல் மக்களே, உங்களுக்கு இது ஓசி லேப். நாலு பெட்டி மேல ஏறும்போது நாலு பெட்டி கீழ இறங்கும். கிணத்து ராட்டினத்துல ரெண்டு வாளி கட்டின மாதிரி, இறங்குற எடை ஏறுற எடைக்குக் கை கொடுக்கும். மோட்டாருக்குப் பாதி வேலை மிச்சம். தாங்குற கயிறோ மெல்லிய கம்பிகளைப் புரியா முறுக்கி, புரிகளைச் சேர்த்து மறுபடி முறுக்கினது. ஒரு கம்பி அறுந்தாலும் மத்ததெல்லாம் தாங்கும். பழுதைக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும்.

இப்போ சொந்தக் கதை. போன ஆடி மாசம் எங்க அம்மாயியைக் கூட்டிட்டுப் போனேன். முப்பது வருஷம் சளைக்காம படியேறின ஆளு. முட்டி தேய்ஞ்சு போச்சு. "ரோப் கார்ல ஜம்முனு போலாம் அம்மாயி"ன்னு நான்தான் ஆசை காட்டினேன். போய்ப் பார்த்தா, பலத்த காத்து, சர்வீஸ் நிறுத்தம்! சுத்திப் பார்த்தேன். மரத்துல ஒரு இலைகூட ஆடலை. கடுப்பாகி அங்கிருந்த ஊழியர்கிட்ட, "காத்தே இல்லையேங்கண்ணா?"ன்னு கேட்டேன். அவர் சிரிச்சார். "கீழ தெரியாது தம்பி. நடுவுல தொங்கும்போதுதான் தெரியும்."

அம்மாயி நிழல்ல உட்கார்ந்து புளிசோத்துப் பொட்டலத்தைப் பிரிச்சாங்க. "காத்து நிக்கட்டுங் கண்ணு. முருகன் எங்க போயிடப் போறாரு?"

எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. 2007 ஆகஸ்ட்ல இதே ரோப் கார்ல நடந்த விபத்துல நாலு பேர் உயிரிழந்தாங்க. அதுக்குப் பிறகு ரெண்டு வருஷத்துக்கு மேல ரோப் கார் ஓடவே இல்லை. இப்போ தினமும் மதியம் கொஞ்ச நேரம், மாசத்துல ஒரு நாள், வருஷத்துக்கு ஒரு தடவை வாரக்கணக்குலன்னு நிறுத்திப் பராமரிக்கறாங்க. வருஷாந்திரப் பராமரிப்பு முடிஞ்சா, ஆளுங்களுக்குப் பதிலா எடையை ஏத்தி ஓட்டிப் பார்த்த பிறகுதான் நம்மளை ஏத்துறாங்க. பலத்த காத்துன்னா ரோப்வேயை நிறுத்துறது ஜப்பான்லயும் வழக்கம்தான், குல்மார்க்லயும் வழக்கம்தான். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா, நாம எந்த மூலைக்கு? நூறு பேர் முணுமுணுத்தாலும் "இப்போ கிடையாது"ன்னு சொல்ற அந்த ஒருத்தர்தான், கயிறு மாதிரியே நம்மளைத் தாங்குறார்.

சாயங்காலம் காத்து அடங்குச்சு. ஏறினோம். தரை நழுவினதும் அம்மாயி என் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. பக்கத்துல இடும்பன் மலை, கீழ வையாபுரிக் குளம், தெற்கே நீலமா கொடைக்கானல் மலைத்தொடர். அம்மாயி படிக்கட்டையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. "அத்தனை படியையும் நானா ஏறுனேன்?"னு கேட்டாங்க. மூணு நிமிஷம் முடிஞ்சும் கையை விடலை.

படம் எங்கேன்னு கேக்காதீங்க. 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயில்ல செல்போனுக்குத் தடை. கீழேயே கொடுத்துட்டுத்தான் போகணும். செல்ஃபி இல்லாம மலையைப் பார்க்கறதும் ஒரு அனுபவம்தான், ட்ரை பண்ணுங்க.

போறவங்களுக்கு: காத்து மாசங்கள்ல போனா ரெண்டு மணி நேரம் கூடுதலா கையில வச்சுக்குங்க. ஏறும்போது ரோப் கார், இறங்கும்போது படி, ரெண்டும் தெரியும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பஞ்சாமிர்தத்தை ஹாஸ்டலுக்கு மறக்காதீங்க. இன்னும் தொங்கணும்னா, 2024-ல் ரோப் கார் வந்த சோளிங்கர், அய்யர்மலை இருக்கு. சேர்லிஃப்ட்தான் வேணும்னு அடம்பிடிச்சா பீகார்ல ராஜ்கீர் இருக்கு. அது போய்ச் சேர்ற சாந்தி ஸ்தூபி, ஜப்பானியத் துறவி நிச்சிதட்சு ஃபுஜி முயற்சியில எழுந்து 1969-ல் திறக்கப்பட்டது.

ஆனா எங்கே போனாலும் சரி, "நிறுத்தம்"னு போர்டு இருந்தா சண்டை போடாதீங்க. புளிசோத்தைப் பிரிங்க.