கேட் வரைக்கும் காரா அங்கிள்?

காலை எட்டரை மணி. ஸ்கூல் வாசல்ல ஹாரன் கச்சேரி ஆரம்பம். ‘ரெண்டே நிமிஷம், விட்டுட்டு எடுத்துடறேன்’னு ஒரு அப்பா கேட்டை அடைச்சு காரை நிறுத்துவார். அவரை ஒட்டியே இன்னொரு கார். பின்னாடி பசங்களை அள்ளிட்டு வந்த ஸ்கூல் பஸ் நகர முடியாம நிக்கும்.

சின்னதா ஒரு கணக்கு. ஒரு காரோட நீளம் சுமாரா 4 மீட்டர். இருபது பேர் வரிசையா நிறுத்தினா 80 மீட்டர் ரோடு காலி! சைக்கிள்ல வர்ற பசங்க நடுரோட்டுக்குத்தான் போகணும். அதைவிட ஆபத்து, யு.கே.ஜி. வாண்டுகளுக்கு. உயரமே ஒரு மீட்டர் சொச்சம். ரெண்டு காருக்கு நடுவுலேர்ந்து அது ரோட்டுக்கு வந்தா, வண்டி ஓட்டிட்டு வர்றவருக்குத் தலைகூடத் தெரியாது. குழந்தைக்கும் வண்டி தெரியாது.

ஸ்கூல் வாசல்கிட்ட வண்டியை நிறுத்தக் கூடாதுனு 1989-லயே மத்திய அரசு சாலை விதிகள்ல எழுதி வெச்சாச்சு. மதிக்கத்தான் ஆளில்லை.

உங்க பிள்ளை பத்திரமா இறங்கணும்கிறது நியாயம்தான் அங்கிள். மத்த பிள்ளைங்களும் பத்திரமா உள்ளே போகணுமே? 200 மீட்டர் முன்னாடி, இடமிருக்கிற தெருவுல நிறுத்திட்டு, கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வாங்க. நாலு நிமிஷம்தான். அதுக்குள்ள ‘ஹோம்வொர்க் முடிச்சியா?’னும் கேட்டுடலாம்!