முதலில் எந்தப் பாதை?

தாயில்பட்டியில் பனி என்பது மார்கழி விடியலில் தலைக்குத் துண்டு கட்டவைக்கும் ஈரம், அவ்வளவுதான். அதை இயந்திரம் வைத்துத் தள்ளவேண்டிய ஊர்களும் உண்டென்று பெரியப்பா மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணன் எல்லைச் சாலைகள் அமைப்பில் டோசர் ஆபரேட்டர். ஸ்ரீநகரிலிருந்து லடாக் போகும் வழியில், 11,500 அடிக்கு மேல் இருக்கும் சோஜிலா கணவாயில் பல குளிர்காலங்களைக் கழித்தவர்.

"அங்க செயின் வண்டிதான் தாயி நிக்கும். டயர் வண்டி பொதுக்குன்னு எறங்கிரும்" என்பார். அகலமான இரும்புச் சங்கிலி வண்டியின் எடையைப் பரப்பிவிடுவதால் அது பனியில் புதைவதில்லை. முன்னால் இருக்கும் தகட்டைச் சாய்த்து வைத்து, பனியைப் பள்ளத்தாக்கின் பக்கம் ஒதுக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் கிடந்தால் ஒரே மூச்சில் தள்ள முடியாது. அடுக்கடுக்காகச் சீவ வேண்டும். புதிதாக விழுந்த பனியை, சுழலும் கத்திகள் கொண்ட பனிவெட்டி அள்ளித் தூர வீசிவிடும். மலைச்சரிவிலிருந்து சரிந்து விழுந்த பனியில் கல்லும் மரமும் கலந்திருக்கும். அதில் பனிவெட்டி பழுதாகிவிடும். அங்கே டோசர்தான் போக வேண்டும். பனிக்கு அடியில் சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆபரேட்டரின் நினைவுதான் அங்கே சாலை.

சோனாமார்க் பக்கமிருந்து பீக்கன் பிரிவும் திராஸ் பக்கமிருந்து விஜயக் பிரிவும் தள்ளிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கும். முன்பெல்லாம் நான்கைந்து மாதம் மூடிக்கிடந்த கணவாய் 2023இல் 68 நாளில் திறந்தது; 2024இல் 35 நாள், 2025இல் 32 நாள். அண்ணன் பெருமைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பாதையில் படையும் தளவாடமும் மட்டுமல்ல, அரிசியும் மருந்தும் போகின்றன.

எனக்குள்ள கேள்வி வேறு. பனி விழுந்தால் இயந்திரம் முதலில் எந்தப் பாதைக்குப் போகிறது?

2020 ஜனவரியில் காஷ்மீரில் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை நூற்றுக்கும் மேற்பட்ட ராணுவத்தினரும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, முழங்கால் ஆழப் பனியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தூக்கிச் சென்றார்கள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிரதமர் வரை பாராட்டினார்கள். சுமந்த தோள்களின் ஈரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நெடுஞ்சாலைக்கு இயந்திரம், பிள்ளைத்தாய்ச்சிக்குத் தோள் என்ற வரிசையை யார் போட்டது?

அந்த வரிசையை மாற்றிப் பார்த்த ஊர் ஒன்று உண்டு. சுவீடனில் உள்ள கார்ல்ஸ்கூகா நகராட்சி, தன் வேலைகளை எல்லாம் ஆண்–பெண் சமத்துவக் கண்ணால் ஆராய முனைந்தது. பனி அள்ளுவதிலுமா ஆண், பெண் என்று அங்கேயும் கிண்டல் பேசினார்கள். ஆனால் ஆராய்ந்ததில், பெருஞ்சாலைகளை முதலிலும் நடைபாதைகளைக் கடைசியிலும் துப்புரவு செய்கிறோம் என்பது தெரிந்தது. காரில் வேலைக்குப் போனவர்களில் ஆண்கள் அதிகம். குழந்தையைப் பள்ளியில் விட்டு, பஸ் பிடித்து, கடைக்குப் போய் என்று நடந்தவர்களில் பெண்கள் அதிகம். மூன்று அங்குலப் பனியில் கார் போய்விடும். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க முடியாது. வழுக்கி விழுந்து எலும்பு முறிந்தவர்களிலும் பெண்களே அதிகம். எனவே வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். அதே பனிதான், அதே வண்டிகள்தான். பனி அள்ளும் செலவும் கூடவில்லை.

பிறகு ஸ்டாக்ஹோமும் இதைப் பின்பற்றியது. 2016 நவம்பரில் பெரும்பனி கொட்டி நகரம் திணறியபோது, எல்லாம் பெண்ணியப் பனியகற்றலால் வந்த வினை என்று கேலி செய்தார்கள். காருக்கு முதலிடம் கொடுத்த ஊர்கள் திணறிய நாட்களில் 'ஆணியப் பனியகற்றல்' என்று யாரும் பேர் வைத்ததில்லை.

எங்களுக்குப் பனி இல்லை, கரிசல் இருக்கிறது. நாலு தூறல் விழுந்தால் செருப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் சகதி. அண்ணன் மனைவி, என் மதினி, பட்டாசு ஆபீசில் திரி வைக்கிறவர். எண்ணிக்கைக்குத்தான் கூலி. தீபாவளிக்கு முந்தைய புரட்டாசியில் வேலை நெருக்கும். மழையும் அப்போதுதான் வரும். லாரி போகிற ரோட்டுக்குச் சரள் கொட்டி ஜேசிபி விட்டுச் சமப்படுத்துவார்கள். பெண்கள் விடியுமுன் தூக்குவாளியோடு நடக்கிற ஓடைப் பாதைக்கு ஒரு கூடை சரள்கூட வராது. ஒரு வருஷம் அங்கே வழுக்கி விழுந்து மதினிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆறு வாரமும் கூலி இல்லை. விபத்து என்றால் எங்கள் பக்கம் வெடிச்சத்தம் கேட்க வேண்டும். இது சத்தமில்லாமல் நடந்ததால் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அண்ணன் போனில் கொதித்தார்: "இங்க மலையவே ஒதுக்குறோம். அங்க ஒரு ஓடப் பாதைக்கு வண்டி இல்லயா?"

மதினி சொன்னார்: "வண்டியெல்லாம் வருது. எங்க பாதைக்குத்தான் வரல."

இதைவிடச் சுருக்கமாக என்னால் வகுப்பில் விளக்க முடிந்ததில்லை. பெண்களின் நடை வழியாகவே தெரிவதில்லை, வேலையாகவும் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாத பாதைக்கு எந்த இயந்திரமும் வராது.

அதனால் எண்ணத் தொடங்கினோம். கட்டுப் பிரித்த பிறகு மதினியும் நாலைந்து பெண்களும் ஒரு வாரம் ஓடைக்கரையில் நின்று, யார் யார் எத்தனை மணிக்கு எதற்காக அந்த வழியே போகிறார்கள் என்று பள்ளி நோட்டில் குறித்தார்கள். குடியரசு தினக் கிராம சபையில் அந்த நோட்டை வாசித்தார்கள். தீர்மானம் பதிவாகியிருக்கிறது, சரள் இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டமும் வரும். நோட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.