காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு கொல்லை

திருச்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டை ஏறுவார்கள். ஸ்ரீரங்கம் போய்ப் பெருமாளைச் சேவிப்பார்கள். அப்படியே திருவானைக்காவலில் அகிலாண்டேஸ்வரியைத் தரிசித்துவிட்டு ராத்திரி ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். நாங்கள் தரிசனத்துக்கு வந்தவர்கள் இல்லை. பிழைக்க வந்தவர்கள்.

என் கணவர் வேலை பார்த்த கம்பெனி கதவை மூடிவிட்டது. சென்னை அம்பத்தூரில் பதினெட்டு வருஷம் குடியிருந்துவிட்டு, 2022 ஜூன் மாதம் ஒரு சின்ன லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருவானைக்காவலுக்குக் குடிவந்தோம். திருச்சியில் ஒரு பட்டறையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. சம்பளம் 17,000 ரூபாய். பெண் பிளஸ் ஒன், பையன் ஏழாம் வகுப்பு. ‘இந்தச் சம்பளத்தில் எப்படிச் சமாளிக்கப்போகிறோம்’ என்ற கவலையோடுதான் இந்த ஊர் மண்ணை மிதித்தேன்.

தீவில் குடித்தனம்

ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் ஒரே தீவில் இருக்கின்றன. மேற்கே முக்கொம்பில் காவேரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவேரி, வடக்கே போவது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது இந்த நிலம். வழக்கமாக ஜூன் 12-ம் தேதி திறக்கிற மேட்டூர் அணையை அந்த வருஷம் மே 24-ம் தேதியே திறந்துவிட்டார்கள். அதனால் நாங்கள் வந்தபோது ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. சென்னையில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசை அடங்கவில்லை.

திருவானைக்காவல் கோயில் பஞ்சபூத ஸ்தலங்களில் அப்பு ஸ்தலம், அதாவது தண்ணீருக்கு உரியது. கர்ப்பக்கிரகத்தில் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஸ்தல விருட்சம் வெண்நாவல். உச்சிக்காலத்தில் குருக்கள் புடவை கட்டிக்கொண்டு வந்து கோபூஜை செய்வது இங்கே விசேஷம். ஒருநாளாவது பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

எங்களுக்குக் கிடைத்தது பழைய வீட்டின் பின்கட்டு. இரண்டு அறை, ஒரு சமையல் உள், வாடகை 5,000. சென்னையில் இதில் பாதி இடத்துக்கு 11,000 கொடுத்துக்கொண்டிருந்தோம். இதில் பெரிய சொத்து என்னவென்றால் பின்னால் இருந்த கொல்லை. இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், ஒரு மூலையில் துவைக்கிற கல், இன்னொரு மூலையில் உறை இறக்கிய கிணறு. உடைந்த ஓடும் எருக்கஞ்செடியுமாகக் கிடந்தது.

நோட்டுப் புத்தகம் சொன்ன கணக்கு

சகோதரிகளே, நம் வீட்டுக் கணக்கை வெளியே சொல்ல நமக்குக் கூச்சம். ஆனால் சொன்னால்தானே ஒருவருக்கொருவர் உபயோகம்? வந்த புதிதில் நான் எழுதி வைத்தது இது. வாடகை 5,000. பால் 1,350. மளிகை, எண்ணெய் 3,500 (அரிசி, சர்க்கரை, துவரம்பருப்பு ரேஷனில் வாங்கியது போக). காஸ் 900. பிள்ளைகள் படிப்பு, போக்குவரத்து 2,500. கரண்ட், போன் 700. வைத்தியம் 500. சீட்டுப் பணம் 1,000. ஆக 15,450. மீதி 1,550 ரூபாயில் காய், கனி, விருந்தாளி, கல்யாண மொய் எல்லாம் அடங்கவேண்டும்.

இந்த நேரத்தில்தான் பெண்ணுக்கு அடிக்கடி மயக்கம் வர ஆரம்பித்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முகம் வெளுத்திருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தது. அந்த வயசுப் பெண்ணுக்கு 12 இருக்கவேண்டுமாம். டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, “மாத்திரையை நிறுத்தாமக் கொடுங்க. கூடவே தினம் கீரை, காய், பருப்பு கொடுங்க. வெறும் ரசம் சாதம் போதாதும்மா” என்றார்.

இது என் பெண்ணுக்கு மட்டும் வந்த குறை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நம்மில் பாதிப்பேர்! எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடியில் இருப்பதை வழித்துச் சாப்பிடுகிறவர்கள் நாம்தானே.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி என்று இருக்கிறது. நாலு பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல், மாசத்துக்கு 48 கிலோ. கிலோ நாற்பது ரூபாய் என்று சராசரி போட்டால்கூட 1,920 ரூபாய். என் கையில் மிஞ்சுவதோ 1,550. அதில் காயைத் தவிர மற்றதும் இருக்கிறது. துண்டு விழுகிற இந்தப் பணத்துக்கு நான் கண்ட வழிகளில் முதலாவது கொல்லை.

ஆடிப் பட்டம்

முன்கட்டில் இருந்த வீட்டுக்கார மாமிக்கு எழுபது வயசுக்கு மேல். வந்து ஒரு மாசம் ஆகியிருக்கும். ஒருநாள் வாசற்படியில் நின்று, “வெறும் மண்ணப் பாத்துண்டு ஏன் நிக்கறே? ஆடி பொறக்கப் போறது. நாலு வெதையப் போடேன். கெணத்துல தண்ணி இருக்கு, உனக்குக் கை இருக்கு” என்றார்.

“வாடகை வீடாச்சே மாமி, நீங்க என்ன சொல்லுவீங்களோன்னுதான்...”

“நன்னாருக்கு! எருக்கஞ்செடிக்கு நான் வாடகையா வாங்கறேன்?”

ஆடிப் பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்! பதினெட்டாம் பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் பெண்கள் கூட்டம் அலைமோதும். காதோலை கருகமணி, பழம், மஞ்சள் சரடு வைத்துக் காவேரித்தாயைக் கும்பிட்டுப் புதுச்சரடு கட்டிக்கொள்வார்கள். நானும் கட்டிக்கொண்டு வந்த கையோடு விதை போட்டேன்.

அதற்கு முன் மூன்று வாரம் மண்ணைத் தயார்செய்தோம். இவர் லீவு நாளில் கொத்திக்கொடுத்தார். ஓட்டுத்துண்டைப் பிள்ளைகள் பொறுக்கினார்கள். தெருக்கோடி மாட்டுக்காரரிடம் மக்கிய சாணி எரு இரண்டு மூட்டை வாங்கினோம். எரு, விதை, மண்வெட்டி, பந்தலுக்கு மூங்கில், ஆடு நுழையாமல் வலை, எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். அந்த மாசச் சீட்டுப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, தீபாவளிக்குள் ஈடுகட்டினேன்.

கீரைக்கு நாலு பாத்தி, ஒவ்வொன்றும் நாலடிக்கு மூன்றடி. நாலையும் ஒரே நாளில் விதைக்கக்கூடாது. வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால், நாலாவது பாத்தியைத் தெளித்த சில நாளில் முதல் பாத்திச் சிறுகீரை பறிக்கத் தயாராகிவிடும். அதற்கு இருபத்தைந்து நாள் போதும். கீரை விதை கடுகைவிடச் சின்னது; ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு மணல் கலந்து தூவினால்தான் சீராக விழும். சிறுகீரையை வேரோடு பிடுங்கவேண்டும். அரைக்கீரையை நறுக்கினால் மறுபடி துளிர்க்கும்.

வேலி ஓரம் வெண்டை பத்துச் செடி. நாற்பத்தைந்து நாளில் காய்க்கும். ஆறு கத்தரி நாற்று. பந்தலில் அவரை ஒன்று, புடலை ஒன்று. கிணற்றடியில் மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும். துவைக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் ஒரு வாழைக்கன்று. கீரைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் ஆகாது. அரிசி களைந்த தண்ணீரையும் கிணற்று நீரையும்தான் ஊற்றுவேன். பக்கத்து வீட்டு அக்கா முருங்கைப் போத்து ஒன்று வெட்டிக்கொடுத்தார். ஒரு மாசத்தில் துளிர்த்துவிட்டது.

பூச்சி வராமல் இருக்குமா? அவரையில் அசுவினி மொய்த்தது. காலைப் பனி ஈரத்தில் அடுப்புச் சாம்பல் தூவினேன். வெண்டைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெய், கூடக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்கால வேளையில் தெளிப்பேன். மழைக்காலத்தில் முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தால் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்துவதுதான் சுலபம். இன்னொன்று, தொட்டித் தட்டிலும் வாளியிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும்.

ஊரே ஒரு சந்தை

கொல்லை எல்லாவற்றையும் கொடுத்துவிடாது. மாசம் 48 கிலோவில் பதினைந்து, பதினாறு கிலோ கொடுக்கும். மீதிக்கு இந்த ஊர் கைகொடுத்தது.

வாழைக்குப் பெயர்போன ஊர் திருச்சி. வாழைக்கென்றே மத்திய அரசு 1993-ல் இங்கே ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பூவன், கற்பூரவல்லி, ரஸ்தாளி, மொந்தன் என்று விதவிதமாக வரும். சென்னையில் அருமையாக வாங்கிய தண்டும் பூவும் இங்கே தெருமுனையில் மலிவாகக் கிடைக்கின்றன. தண்டைப் பொடியாக நறுக்கி, நாரை விரலில் சுற்றி எடுத்து, மோர் கலந்த நீரில் போட்டுவிட்டால் கறுக்காது. பயத்தம்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தால் நாலு பேருக்குத் தாராளம்.

வாரம் ஒருமுறை தென்னூர் உழவர் சந்தை. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். பிறகு மற்ற ஊர்களுக்கும் வந்தது. விளைவித்தவரே விற்பதால் இடையில் கமிஷன் இல்லை. விலை பலகையில் எழுதியிருக்கும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று 2021-ல் வந்ததும் எனக்குப் பெரிய ஒத்தாசை. பஸ் காசு மிச்சப்பட்டுக் காயாக வந்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு மாதிரி கெடாத சாமான்களை மாசம் ஒருதரம் காந்தி மார்க்கெட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்வோம். இப்படி வாங்கினதில் எனக்குச் சராசரி கிலோ 28 ரூபாய்க்குள் அடங்கியது. முப்பத்திரண்டு கிலோவுக்கு 900 ரூபாய்!

மிஞ்சின காய்க்கும் இங்கே விலை உண்டு. கத்தரி ஒரேயடியாகக் காய்த்தால் மாமி வீட்டுக்குக் கொஞ்சம் போகும்; அங்கிருந்து நார்த்தங்காயும் கறிவேப்பிலையும் வரும். அதற்குமேல் இருந்தால் உப்புநீரில் வேகவைத்து வற்றல் போடுவேன். திருச்சி வெயிலுக்கு மூன்றே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும்.

அந்த வெயிலையும் சொல்லவேண்டும். அக்னி நட்சத்திரத்தில் காவேரி வெறும் மணலாகக் கிடக்கும். கிணற்று நீர் கீழே போய்விடும். கீரைப் பாத்தி இரண்டாகச் சுருங்கும். நல்ல மாசத்தில் அறுநூறு ரூபாய் மிச்சம் பிடித்த கொல்லை, மே மாசத்தில் இருநூறுதான் கொடுக்கும். அப்போது பழைய புடவையை நாலு கம்பில் கட்டி நிழல் கொடுப்பேன். வற்றல் டப்பாவைத் திறக்கிற காலமும் அதுதான்.

பெண் தேறினாள்

டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையை நான் ஒருநாளும் நிறுத்தவில்லை. கீரை மாத்திரைக்குத் துணைதானே தவிர, மாத்திரைக்குப் பதில் ஆகாது. முருங்கைக்கீரை, அரைக்கீரை, முளைகட்டிய பச்சைப்பயறு, வறுத்த நிலக்கடலை இவற்றை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்ட வைட்டமின் சி வேண்டும்; அதனால் சாப்பாட்டோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கட்டாயம். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. ‘காபி ஒரு மணி நேரம் கழித்துத்தான்’ என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மூன்றாம் மாசம் 10.6. ஆறாம் மாசம் 11.7. அடுத்த வருஷம் பிளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் 12.3. அந்தச் சீட்டை இவரிடம் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கொல்லைக்குப் போய் எல்லாப் பாத்திக்கும் தானே தண்ணீர் இறைத்து ஊற்றிவிட்டு வந்தார்.

இப்போது பெண் கல்லூரிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியைக் கூட்டிக்கொண்டு காவேரிக்கரை வரை நடந்துவிட்டு வருவாள். மேலூர்ப் பக்கம் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒருமுறை எல்லோரும் போயிருந்தோம். “அம்மா, இதெல்லாம் முதல்ல நம்ம முருங்கையைத் தின்ன மாதிரி யாரோட எலையையோ தின்னுட்டுத்தானே வந்திருக்கும்?” என்றான் பையன். சிரித்தோம்.

கொல்லை இல்லாத சகோதரிகள் வருத்தப்படவேண்டாம். ஓட்டையான பிளாஸ்டிக் வாளி, பழைய அரிசிப் பை, உடைந்த குடம் எதுவும் போதும். அடியில் துளை போட்டு, மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பி, நாலு மணி வெயில் படுகிற இடத்தில் வையுங்கள். முதலில் வெந்தயம் தூவுங்கள். மூன்று நாளில் முளைக்கும், மூன்று வாரத்தில் கிள்ளலாம். அடுத்தது சிறுகீரை. பறித்த முதல் பிடியைப் பருப்போடு கடைந்து, எல்லோருக்கும் பரிமாறுவதற்கு முன்னால் உங்கள் தட்டில் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள்.