பொருந்தாப் பக்கங்கள்

சில ஆண்டுகளுக்கு முன், பணியின் நிமித்தம் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருந்தபோது, எங்கள் இருவரையும் ஒரு விந்தையான ஆசை பற்றிக்கொண்டது. அது பழைய மடக்குக் கத்திகளைச் சேர்க்கும் ஆசை. அவற்றிலும் மாசு மறுவற்றவற்றை நாங்கள் நாடவில்லை. தொழிற்சாலையிலேயே உறுப்புகள் மாறிப் பொருத்தப்பட்டு வெளிவந்த கத்திகளையே தேடி அலைந்தோம். 'பிழைபட்ட பொருளுக்கா இத்தனை பணம்?' என்று வீட்டுக்கு வந்தோர் நகைத்ததுண்டு.

அவை பிழைகள் அல்ல என்பதே எங்கள் விடை. அம்மாநிலத்தின் பிராட்ஃபோர்டு நகரில் 1905 முதல் கத்தி செய்துவரும் கேஸ் நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். அலகின் அடியில் பொறிக்கப்படும் முத்திரையே அக்கத்தியின் வயதைச் சொல்லும். 1964 வரை 'கேஸ் எக்ஸ் எக்ஸ்' என்று மட்டும் இருந்த முத்திரையோடு 1965இல் 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. 1970இல் அதன்கீழ் பத்துப் புள்ளிகள் இடப்பட்டன. பின்னர் ஆண்டுக்கு ஒரு புள்ளி குறைந்தது. நான்கு புள்ளிகள் இருந்தால் அது 1976ஆம் ஆண்டுக் கத்தி.

ஆனால், முத்திரை மாறிய நாளன்று பழைய அலகுகளை எவரும் குப்பையில் கொட்டிவிடவில்லை. பெட்டிகளில் எஞ்சியிருந்தவை தீரும்வரை புதியனவற்றோடு சேர்த்தே பூட்டினர். ஆகவே ஒரே கத்தியில் ஓர் அலகு பழைய முத்திரையும் மற்றோர் அலகு புதிய முத்திரையும் தாங்கி நிற்கும். அவ்வாறே, 1960களின் பிற்பகுதியில் எலும்புக் கைப்பிடியோடு டெல்ரின் என்னும் செயற்கைப் பொருளும் புழக்கத்துக்கு வந்தபோது, ஒருபுறம் எலும்பும் மறுபுறம் டெல்ரினுமாகச் சில கத்திகள் வெளிவந்தன. நிறமும் செதுக்கும் ஏறத்தாழ ஒன்றே. உருப்பெருக்கியில் நோக்கினால்தான் எலும்பின் நுண்துளைகள் ஒரு பக்கத்தைக் காட்டிக்கொடுக்கும். கையிலிருப்பதை வீணாக்க மனமில்லாத தொழிலாளியின் சிக்கனத்தை நாங்கள் அக்கத்திகளில் கண்டோம். முகமறியா அம்மனிதரோடு ஒரு நட்பே எங்களுக்கு வளர்ந்திருந்தது.

ஒருநாள் ஞாயிற்றுச் சந்தையில் அத்தகைய கத்தி ஒன்று கிடைத்தது. ஒருபுறம் எலும்பு, மறுபுறம் டெல்ரின். 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது' என்றார் விற்றவர். 60 டாலர் கொடுத்து மகிழ்ச்சியோடு வீடு திரும்பினோம்.

இரவில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது அம்மகிழ்ச்சி வடிந்தது. கைப்பிடியின் முனையில் 'நிக்கல் வெள்ளி'ப் பூண் உண்டு. பெயரில் வெள்ளி இருப்பினும் அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகமே. அலகைத் தாங்கும் ஆணியும் அதே உலோகம். தொழிற்சாலையில் ஆணியை அடித்துப் பூணோடு சமமாகத் தேய்த்துவிடுவதால், அதன் தலை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இதிலோ ஆணியைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தது. டெல்ரின் தகட்டுக்கும் பூணுக்கும் இடையே மயிரிழை இடைவெளி. அதில் காய்ந்த பசை. உடைந்த பக்கத்தை யாரோ எடுத்துவிட்டு, வேறொரு கத்தியின் பக்கத்தைப் பொருத்தியிருந்தார். விற்றவருக்கே அது தெரியாதிருந்திருக்கலாம்.

மறுவாரம் எங்களைப் போலவே கத்தி சேர்க்கும் முதியவர் ஒருவர் வந்தார். பேழையைத் திறந்ததும் அவர் விழிகள் அக்கத்தியின்மேல் நிலைத்தன. 'நூறு டாலர் தருகிறேன்' என்றார். நாங்கள் பேசவில்லை. பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆயினும் அம்மௌனம் ஒரு விலை பேசிக்கொண்டிருந்தது. எங்களில் ஒருவர் கத்தியைச் சுற்றித்தரத் துணியைக்கூட எடுத்தாயிற்று. அப்போதுதான் மற்றவர், 'அந்த ஆணியைப் பார்த்தீர்களா, ஐயா?' என்று கேட்டு, உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்தார்.

அவர் நெடுநேரம் நோக்கினார். பின் கத்தியை மெல்ல மேசைமேல் வைத்தார். 'கைதேர்ந்தவர்தான் செப்பனிட்டிருக்கிறார்' என்றார். தேநீர் அருந்தினார், எதையும் வாங்காமல் விடைபெற்றார்.

அன்றிரவு எங்களை உறுத்தியது அந்த 60 டாலர் அன்று. துணியை நோக்கி நீண்ட கை. அது யாருடைய கை என்று நாங்கள் இன்றுவரை ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டதில்லை. பேசாதிருந்தவர் இருவருமே.

முதியவர் சொன்னதைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தோம். உடைந்த கத்தியை எறிந்துவிடாமல் மீண்டும் வெட்டச் செய்த அம்மனிதரும், பழைய அலகை வீணாக்காத பிராட்ஃபோர்டுத் தொழிலாளியும் ஒரே மனம் உடையவர்களே. பக்கங்கள் மாறியிருந்ததில் குற்றமில்லை. மாறிய கதையை மறைக்க முற்பட்டபோதுதான் அக்கத்தி போலியாகத் தொடங்கியது.

அக்கத்தி இப்போது பேழையில் இல்லை. எங்கள் சமையலறையில் நாள்தோறும் பழம் நறுக்குகிறது. யாரேனும் அதை எடுத்துப் பார்த்து வியந்தால், முதலில் ஆணியைத்தான் காட்டுகிறோம்.