விலை கூடணுமா, குறையணுமா?

ஒரு மாசமா எதுவும் எழுதல. நடவு வேலை, அப்புறம் மழை, அப்புறம் களை. இப்பத்தான் கை கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கு.

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க தெருவுக்கு ஒரு கட்சிக்காரங்க வந்தாங்க. எந்தக் கட்சின்னு சொல்லப் போறதில்ல. எதிர்க்கட்சின்னு மட்டும் வச்சுக்கங்க. சட்டமன்றத் தேர்தல் வர்றதுக்கு ரொம்ப முந்தியே நடமாட்டம் ஆரம்பிச்சிரும். பதினஞ்சு பேர் இருக்கும். முன்னாடி ரெண்டு பேர் கையில நோட்டீஸ் கட்டு. எங்க வீட்டுத் திண்ணை கொஞ்சம் பெரிசு, நிழலும் இருக்கும். அதனால எந்தக் கட்சி வந்தாலும் உட்கார்றது இங்கதான். அப்பா காலத்துல இருந்தே அப்படி. வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்காம அனுப்பினா அம்மா சும்மா விடாது.

நோட்டீஸ்ல ரெண்டு பத்தி. ஒரு பக்கம் ‘அன்று’, இன்னொரு பக்கம் ‘இன்று’. அரிசி, பருப்பு, எண்ணெய், பால், கரண்ட், வீட்டு வரின்னு வரிசையா. இந்த மாதிரி நோட்டீஸ் எனக்குப் புதுசில்ல. 2018 ஜனவரியில பஸ் டிக்கெட் விலைய ஏத்துனாங்களே, சாதாரண பஸ்ல குறைஞ்ச கட்டணம் மூணு ரூபா அஞ்சு ரூபாயா ஆச்சே, அப்ப தி.மு.க.வும் கூட்டணிக் கட்சிகளும் தெருவுக்கு வந்தாங்க. அரசு கட்டணத்தக் கொஞ்சம் குறைச்சுது. 2022 நவம்பர்ல ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48ல இருந்து 60க்குப் போச்சு. அப்ப தெருவுக்கு வந்தது அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும். ஆளு மாறும், கட்டம் போட்ட நோட்டீஸ் மாறாது.

நம்ம ஊர்ல இன்னொரு வேடிக்கை. இங்க ஆளுங்கட்சியா இருக்கிறவங்க டெல்லிக்கு எதிர்க்கட்சி. டெல்லியில ஆள்றவங்க இங்க எதிர்க்கட்சி. அதனால சிலிண்டர் விலை ஏறுனா ஒருத்தர் வந்து பேசுவாங்க, கரண்ட் பில் ஏறுனா இன்னொருத்தர் வந்து பேசுவாங்க. எதையுமே பேச ஆள் இல்லாமப் போறதில்ல. ஆனா பதில் சொல்ற ஆளத் தேடுனா, அவர் கைய இங்கிட்டும் இவர் கைய அங்கிட்டும் காட்டுவாங்க.

விஷயத்துக்கு வர்றேன். வந்தவர் நல்லாவே பேசினார். குரல உயர்த்தல. “அம்மா, மாசம் எவ்வளவு செலவாகுது? மூணு வருஷத்துக்கு முந்தி எவ்வளவு ஆச்சு?”ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டார். கூட இருந்த பையன் நோட்டுல எழுதிக்கிட்டான். எனக்கு அது புடிச்சிருந்தது. மைக்ல கத்திட்டுப் போறவங்களுக்கும் உட்கார்ந்து கேக்குறவங்களுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?

“நீங்க என்ன தம்பி சொல்றீங்க?”ன்னு என்கிட்டயும் கேட்டார். விவசாயிகிட்ட வாயக் குடுத்தா விடுவானா? நான் ஆரம்பிச்சேன். “அண்ணே, நெல்லுக்கு விலை இல்ல. டீஏபி மூட்டை 1,350. அறுக்குற மிஷின் மணிக்கு ரெண்டாயிரத்துக்கு மேல. டீசல் விலை உங்களுக்கே தெரியும். நெல்லு விலைய ஏத்தச் சொல்லுங்க”ன்னேன். “கண்டிப்பா தம்பி, எழுதிக்க”ன்னார். பையன் எழுதிக்கிட்டான்.

அப்பத்தான் அந்த அக்கா பேசுச்சு. எங்க வயலுக்கு நடவுக்கும் களைக்கும் வர்ற அக்கா, அடுத்த தெரு. ஐம்பது வயசு தாண்டிருச்சு. கூட்டத்துல பேசி நான் பாத்ததே இல்ல. அன்னைக்குச் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே கேட்டுச்சு.

“ஏன்ண்ணே, அரிசி விலை ஏறிப்போச்சு, குறைக்கணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க. இந்தா எங்க தம்பி நெல்லு விலைய ஏத்தச் சொல்லுது. அதையும் எழுதிக்கிட்டீங்க. விலை கூடணுமா, குறையணுமா? ஏதாவது ஒண்ணுதான நடக்கும்?”

எல்லாரும் சிரிச்சோம். அவரும் சிரிச்சார். “ரெண்டும் நடக்கும்மா”ன்னார். “சரி, அப்படியே எங்க கூலியையும் எழுதிக்கங்க”ன்னுச்சு அக்கா. அவர் நிமிர்ந்து பாத்து, “நூறு நாள் வேலைக்குப் போறதில்லையா?”ன்னார்.

இங்கதான் வெளியூர்க்காரங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். சித்தையன்கோட்டையப் பாத்தா நீங்க கிராமம்னுதான் சொல்லுவீங்க. சுத்தி வயல், தென்னை. ஆத்தூர் காமராஜர் அணை நிறைஞ்சாத்தான் எங்களுக்கு நிம்மதி. ஆனா அரசு கணக்குல இது பேரூராட்சி. நூறு நாள் வேலை கிராம ஊராட்சிகளுக்கு மட்டும்தான். அதனால எங்க ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொம்பளைக்கு அந்த வேலை உண்டு, இந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கிடையாது. ரெண்டு பேரும் ஒரே வயல்ல களை எடுக்கிறவங்கதான். 2025-26க்கு அதுக்கு அறிவிச்ச கூலி நாளைக்கு 336 ரூபா. அந்தக் கூலியும் 2024 நவம்பர்ல இருந்து மாசக்கணக்கா வரலைன்னு 2025 மார்ச் மாசம் தி.மு.க. மாநிலம் பூரா ஆர்ப்பாட்டம் நடத்துச்சு. மத்திய அரசு தர வேண்டிய பாக்கி 4,034 கோடின்னு சொன்னாங்க. பக்கத்து ஊர்க்காரங்களுக்குப் போராடவாவது ஒரு பாக்கி இருந்துச்சு. எங்க ஊர் பொம்பளைகளுக்கு அதுவும் இல்ல.

கிராம சபையும் எங்களுக்குக் கிடையாது. அதனாலதான் இந்தத் திண்ணைக் கூட்டத்த நான் லேசா நினைக்கிறதில்ல. 2019 ஜனவரியில எதிர்க்கட்சித் தலைவரா இருந்த ஸ்டாலின் ‘ஊராட்சி சபை’ன்னு ஆரம்பிச்சார். 2020 டிசம்பர்ல கிராம சபைன்னு கூட்டம் போட்டாங்க. கட்சிகள் அந்தப் பேர்ல கூட்டம் நடத்தக் கூடாதுன்னு அப்பத்தைய அரசு உத்தரவு போட்டுச்சு. உடனே பேர ‘மக்கள் கிராம சபை’ன்னு மாத்திக்கிட்டாங்க. 2021 ஜனவரி கடைசியில ‘உங்கள் தொகுதியில் ஸ்டாலின்’னு பெட்டி வச்சு மனு வாங்குனாங்க. ஆட்சிக்கு வந்தா நூறு நாள்ல தீர்ப்போம்னாங்க. வந்த பிறகு அதுக்குன்னு தனியா ஒரு துறையே வச்சாங்க. 2025ல எதிர்க்கட்சித் தலைவரா இருந்த எடப்பாடி பழனிசாமி அந்த வருஷம் ஜூலை 7ஆம் தேதி மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்ல கிளம்பினார். ஊர் ஊரா விவசாயிகளையும் பாத்துப் பேசினார். பதவியில இல்லாதப்பத்தான் நம்ம வாசலுக்கு வர்றாங்கன்னு கேலி பேசுறது சுலபம். ஆனா வர்றப்பத்தான நாம பேச முடியும்?

பேசுறதுக்குப் பலன் இல்லாமலும் இல்ல. எங்க அப்பத்தா 1966ஆம் வருஷத்துப் பஞ்சத்த அடிக்கடி சொல்லும். அரிசிச் சோறு நாள் கிழமைக்கு மட்டும், மத்த நாள் கம்பும் சோளமும். அப்ப எதிர்க்கட்சியா இருந்த தி.மு.க. ரூபாய்க்கு மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு சொல்லி 1967ல ஆட்சியப் புடிச்சுது. சொன்னபடி ரூபாய்க்கு ஒரு படி போட்டாங்க, சென்னையிலயும் கோவையிலயும். அதுக்கு மேல எல்லா ஊருக்கும் கொண்டு வர அரசுக்குக் கட்டுப்படியாகல. “வாக்கு எங்க ஊர்லயும் கேட்டாங்க, அரிசி மட்டும் பட்டணத்துக்குப் போச்சு”ன்னு அப்பத்தா சொல்லும். ஆனா அந்தப் பேச்சு ஓயல. 2011 ஜூன்ல இருந்து ரேஷன் அரிசி இலவசமாவே கிடைக்குதுன்னா, அதுக்கு விதை அந்த ஒரு படிதான்னு நான் நினைக்கிறேன். போட்டது வேற கட்சி.

1973 மே மாசம் திண்டுக்கல் இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பிச்சு எட்டு மாசம் கூட ஆகல. மாயத்தேவர் இரட்டை இலையில நின்னு ஜெயிச்சார். ஆண்ட தி.மு.க. மூணாவது எடத்துக்குப் போச்சு. அப்பா அப்ப சின்னப் பையன். “எம்.ஜி.ஆரப் பாக்கப் போன கூட்டத்துல செருப்பத் தொலைச்சேன்டா”ம்பார். எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஆள்றவங்களத் தூக்கிப் போடத் தெரியும். போட்டதுக்கு அப்புறம் என்ன கேக்கணும்கிறதுலதான் குழப்பம்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அக்கா கேட்டது உள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு. எந்திரிச்சு கணக்கு நோட்ட எடுத்தேன்.

சித்திரையில அறுத்த நெல் ஏக்கருக்கு 30 மூட்டை, மூட்டை 60 கிலோ. ஆக 1,800 கிலோ. அப்ப அரசு கொள்முதல் விலை சன்னரகத்துக்குக் குவிண்டால் 2,450. ஆனா ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும். காயப்போடக் களம் இல்ல, வானம் கருத்துக்கிட்டு நின்னுச்சு. களத்து மேட்டுலயே வியாபாரிக்குக் கிலோ 22 ரூபாய்க்குத் தள்ளிட்டேன். ஏக்கருக்கு 39,600. செலவு 29,000. நாலு மாசத்துக்கு மிஞ்சுனது 10,600.

அடுத்த பக்கம். வீட்டுக்குக் கடையில வாங்குன அரிசிச் சிப்பம் 26 கிலோ, 1,500 ரூபா. ஏன் 26 கிலோ தெரியுமா? 2022 ஜூலையில பாக்கெட் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டாங்க. 25 கிலோ வரைக்கும்தான் வரி. மில்லுக்காரங்க ஒரு கிலோவக் கூடப் போட்டுத் தச்சுட்டாங்க. எதிர்க்கட்சிகள் பாராளுமன்றத்துல கத்துனது ஒரு பக்கம் இருக்கட்டும், வரியத் தாண்டிக் குதிச்சது அந்த ஒரு கிலோதான்.

நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசின்னு வைங்க. 26 கிலோ அரிசிக்கு 40 கிலோ நெல் வேணும். எனக்குக் கிடைச்ச விலையில 880 ரூபா. கடையில 1,500. நடுவுல 620 ரூபா. அவிக்கிற கூலி, கரண்ட், லாரி, கடைக்காரர் லாபம் எல்லாம் நியாயமான செலவுதான். தவிடும் உமியும் மில்லுக்கு. நான் யாரையும் திருடன்னு சொல்லல. ஆனா அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் அந்த 620க்குள்ளதான் இருக்கு. நெல்லு விலை கிலோவுக்கு மூணு ரூபா ஏறுனா சிப்பத்துக்கு 120 ரூபாதான். களமும் குடோனும் அறுப்பு நேரத்துக்குத் திறக்கிற கொள்முதல் நிலையமும் இருந்தா, எனக்கு விலை கூடவும் செய்யும், அக்காவுக்கு விலை பெரிசா ஏறாமலும் இருக்கும். அன்னைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது களம். கேட்டது விலை. அவர் எழுதிக்கிட்டதும் விலை.

2021 தேர்தல் அறிக்கையில தி.மு.க. நெல்லுக்கு 2,500 தர்றதாச் சொன்னுச்சு. அது 2025 செப்டம்பர்ல தான் வந்துச்சு, சாதா ரகத்துக்கு 2,500, சன்னத்துக்கு 2,545. பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 குறைப்போம்னாங்க. முதல் பட்ஜெட்ல பெட்ரோலுக்கு 3 ரூபா குறைஞ்சுது. டிராக்டர் குடிக்கிறது டீசல்.

இதெல்லாம் எழுதி முடிச்சு நோட்ட மூடப் போறேன். கடைசிப் பக்கத்துல களைக்கூலிக் கணக்கு. ஆளுக்கு 350. அதப் பாத்ததும் ஒண்ணு நெஞ்சுல தச்சுது.

அதுக்கு முந்தின வாரம்தான் அந்த அக்கா என்கிட்ட வந்து, “தம்பி, நானூறா ஆக்கிக் குடுப்பா. உரிமைத்தொகை ஆயிரம் வருது, சிலிண்டருக்கே தொள்ளாயிரம் போகுது. கட்டுப்படியாகல”ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இந்த போகம் போகட்டும்க்கா. அடுத்த போகம் பாக்கலாம்”னு சொன்னேன். வந்த கட்சிக்காரர் சொன்னதும் அதேதான், வார்த்தைதான் வேற. “ஆட்சிக்கு வந்ததும் பாக்கலாம்மா.”

விலைவாசின்னு நாம பேசறப்பல்லாம் நம்ம தட்டுக்கு வர்ற விலையத்தான் பேசறோம். நகரத்துல இருக்கிற நீங்க தக்காளி நூறு ரூபா ஆனா பேசுவீங்க. நான் தக்காளி அஞ்சு ரூபாய்க்கு விழுந்தா பேசுவேன். ரெண்டு பேருமே பேசாதது, அதப் பறிச்சவங்களோட கூலி. அது என் நோட்டுல ‘செலவு’ன்னு இருக்கு. அக்கா வீட்டுல அதுதான் வரவு.

மறுநாள் காலையில களைக்கு வந்த ஏழு பேருக்கும் நானூறு குடுத்தேன். பெரிய தியாகம் எல்லாம் இல்ல. ஏழு பேருக்கு 350 ரூபா கூட. பக்கத்து வயல்காரர், எனக்கு மாமா முறை, “என்ன மாப்ள, ஊர் ரேட்டக் கெடுக்கிற?”ன்னு ரெண்டு நாளா முகம் குடுத்துப் பேசல. அவரு கணக்கும் என் கணக்கு மாதிரித்தான், தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எவ்வளவு நாளைக்கு என்னால இதத் தாக்குப் புடிக்க முடியும்னும் தெரியல. களைக்கொல்லி அடிச்சிட்டா இந்தக் கூலியே மிச்சம்னு கடைக்காரர் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கார்.

அக்கா காச எண்ணிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, “அந்த நோட்டுல எழுதுனது நடக்குதோ இல்லையோ, இது நடந்துச்சு”ன்னு மட்டும் சொல்லுச்சு.

அடுத்த வாரம் இன்னொரு கட்சி வர்றாங்களாம். திண்ணையக் கூட்டி வைக்கச் சொல்லி அம்மா சொல்லிருச்சு. இந்தத் தடவ நானும் ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கேன். ஒண்ணு, நெல் காயப்போடக் களம். ரெண்டு, பேரூராட்சிப் பொம்பளைகளுக்கும் நூறு நாள் வேலை. விலைய கூட்டச் சொல்லியும் எழுதல, குறைக்கச் சொல்லியும் எழுதல. எழுதி முடிச்சு அக்காகிட்டப் படிச்சுக் காட்டுனேன். “இத நான் கேக்குறேன். நீ பக்கத்துல நில்லு தம்பி”ன்னுச்சு.

மழை நல்லா இருக்கு. உங்க பக்கம் எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க.