பாட்டி தலை தப்பியது!

அரிசோனா பாலைவனத்தில் க்வார்ட்ஸ்சைட் என்று ஓர் ஊர். கோடையில் ஈ, காக்கா இருக்காது. ஜனவரி வந்தால் வீட்டையே வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு லட்சக்கணக்கில் வந்து இறங்குகிறார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் நண்பனும்... அவனுக்கு ஒரு கொக்கி வாங்கணும்!

சாதாரணக் கொக்கி இல்லை. பிக்கப்பின் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே உட்காரும் 'ஃபிஃப்த் வீல்'. குதிரை வண்டி திரும்ப, முன் அச்சின் மேல் ஒரு சக்கரத்தைப் படுக்கப் போட்டிருந்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. நண்பனின் தொட்டி 6½ அடிதான். 8 அடி என்றால் கவலையில்லை.

"நகராத கொக்கியே போதும்டா, விலை கம்மி" என்றான்.

பக்கத்து டிரெய்லர் தாத்தா பேசாமல் தன் பிக்கப்பைக் காட்டினார். பின் கண்ணாடி இருந்த இடத்தில் அட்டை! பெட்ரோல் பங்கில் ஒடித்துத் திரும்பியிருக்கிறார். டிரெய்லரின் மூக்கு உள்ளே வந்துவிட்டது. பாட்டி காபி வாங்க இறங்கியிருந்தாராம்.

இத்தனைக்கும் அவருடையது நகரும் கொக்கிதான். ஆனால் இறங்கி, நெம்புகோலை இழுத்துப் பின்னால் நகர்த்தணும். அன்றைக்கு மழை. சோம்பல்.

திரும்பும்போது தானே நகருகிற ரகமும் உண்டு. விலையைக் கேட்டு நண்பன் முழித்தான். பி.காம். மூளையால் பாட்டியின் தலையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்தேன். அதற்குள் பணத்தை எடுத்துவிட்டான்.

"டிரெய்லர் எடை?" என்றார் தாத்தா.

"12,000 பவுண்டு."

"ஐந்தில் ஒரு பங்கு, 2,400 உன் தொட்டியில் உட்காரும். கொக்கி எடை தனி. வண்டி தாங்குமா? கதவோரச் சீட்டைப் பார்த்தாயா?"

பார்க்கவில்லை. பணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினான்.